திருஷ்டியால் சாகவில்லை அந்த மீன்

எங்கள் வீட்டு ஷோகேசின் மேல்தட்டில் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் பதினோரு நாள் இருந்தது. மகளின் பிறந்தநாளுக்காகச் சென்னை கொளத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தது. இரண்டு தங்க மீன், நாலு லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கிண்ணம், ஒரு கை நீலக் கூழாங்கல், ஒரு தீவன டப்பா. "பம்ப் ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். "சின்ன மீனுக்கு அதெல்லாம் எதுக்கு சார்? தண்ணி கலங்கினா மொத்தமா மாத்திடுங்க, அவ்ளோதான்" என்றார் கடைக்காரர். ஐந்தாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கியதும் அப்படியே செய்தோம். மீனை ஒரு சொம்பில் எடுத்துவைத்து, கிண்ணத்தையும் கல்லையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினோம். பளிங்கு மாதிரி இருந்தது.

பத்தாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் விளக்கைப் போட்டேன். இரண்டு மீனும் நீர்மட்டத்தில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு நின்றன. வாய் திறந்து திறந்து மூடியது. செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒன்றின் வால் நுனியில் மெல்லிய ரத்தக் கோடு. பசி என்றுதான் நினைத்தேன். இரண்டு சிட்டிகை தீவனம் தூவிவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் காலை ஒன்று மிதந்தது. சாயங்காலம் இன்னொன்று. மகள் சாப்பிடவில்லை. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அழாதடி கண்ணு. நம்ம வீட்டுக்கு வர இருந்த திருஷ்டியை அது வாங்கிட்டுப் போயிடுச்சு" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. தமிழ்நாட்டில் மீன் வளர்க்கும் எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் இன்னும் இரண்டு மீன் வாங்கி வருகிறார்கள். கிண்ணம் அதேதான், தண்ணீர் பிடிக்கும் குழாய் அதேதான், சாவும் அதேதான்.

அந்த இரண்டு மீனும் எதனால் செத்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. தெரிந்த பிறகு, அந்த விடியற்காலையில் நான் தூவிய தீவனம் நினைவுக்கு வராத நாள் குறைவு.

நாம் சாப்பிடும் புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜனை நம் உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீன் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வதில்லை. அம்மோனியாவை அப்படியே, பெரும்பகுதி செவுள் வழியாக, நீரில் விடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் இது சிக்கனமான ஏற்பாடு. விட்ட நொடியிலேயே நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். கிண்ணத்தில் போக இடமில்லை. எந்தச் செவுளால் கழிவை விடுகிறதோ, அதே செவுளால்தான் மீன் மூச்சும் விட வேண்டும். கழிப்பறையும் படுக்கையும் சாப்பாட்டுத் தட்டும் ஒன்றாகிப்போன ஒரு அறையில் கதவைப் பூட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

எங்கள் கிண்ணத்துக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் மகள், மதியம் அம்மா, இரவில் நான் என்று ஆளுக்கொரு சிட்டிகை போட்டதில் நாலைந்து நாளில் ஒரு கிராம் தீவனமாவது உள்ளே போயிருக்கும். மீன் பண்ணைக்காரர்களின் கணக்குப்படி ஒரு கிராம் தீவனம் ஏறக்குறைய 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனாக நீருக்கு வந்து சேரும். நாலு லிட்டரில் அது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். இதில் முழுவதும் விஷமில்லை. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அவ்வளவு கெடுதல் செய்யாது. மின்னேற்றமில்லாத அம்மோனியா செவுளைப் பொசுக்கும், ரத்தத்தில் ஏறும், மூளையைத் தாக்கும். எது எவ்வளவு என்பதை நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7 இருக்கும் நீரில், 30 டிகிரி வெப்பத்தில், விஷ வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8 ஆனால் அதே வெப்பத்தில் நூற்றுக்கு ஏழுக்கு மேல். எங்கள் பகுதிக் குழாய்த் தண்ணீரைப் பிற்பாடு சோதித்தபோது 8 காட்டியது. ஆக, லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் சுத்த விஷம். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தொட்டாலே செவுள் கெடத் தொடங்கும். பத்து மடங்கு நஞ்சுக்குள் அந்த மீன்கள் நின்றிருந்தன. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. நீர் பளிங்காகத்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 30 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். வெயில் ஏற ஏற இதுவும் குறையும். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடும். தங்க மீன் குளிர்ந்த நீர்நிலைகளின் பிள்ளை. சென்னையின் மே மாதத்தில், மூடிய ஹாலில், கழுத்துவரை நிரப்பிய உருண்டைக் கிண்ணத்தில், காற்றோடு தொடர்புள்ள நீர்ப்பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டளவுகூட இல்லை. ஏற்கெனவே பொசுங்கிய செவுளை வைத்துக்கொண்டு அந்தச் சொற்ப ஆக்சிஜனை இழுக்கத்தான் என் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயை வைத்தன. அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அம்மோனியாவுக்கு நான் ஏற்பாடு செய்தேன்.

ஆறும் குளமும் கழிவை அடித்துக்கொண்டு போவதோடு நிற்பதில்லை, தின்றும் தீர்க்கின்றன. கல், மணல், வேர், பாசி என்று எல்லாவற்றின் மேலும் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருக்கிறதே, அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏந்தும் பொருளைக் கெடுத்து, மீனின் ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் ஓரளவு தாங்கும், செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாதான் செய்கிறது என்று பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மீன்தொட்டிகளில் அதைச் செய்வது முக்கியமாக நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் தெரிந்தது. நைட்ரோஸ்பைராவில் சில வகை இரண்டு வேலைகளையும் தனியாகவே செய்து முடிக்கும் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்.

இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாக அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு குடியேற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் இதைத் 'தொட்டி செட்டாவது' என்பார்கள். கொளத்தூரில் தலைமுறையாக மீன் வளர்க்கும் குடும்பங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கும் சிமென்ட் தொட்டிகளைப் போய்ப் பாருங்கள். சுவரெல்லாம் பச்சை, அடியில் வண்டல், நீர் வெளிறிய தேநீர் நிறம். பார்க்க அழுக்கு. மீன்கள் அதில்தான் செழித்து முட்டையிடுகின்றன. அந்த 'அழுக்கு' உயிரோடிருக்கிறது.

நாங்கள் ஐந்தாம் நாள் செய்ததை இப்போது யோசித்துப் பாருங்கள். கல்மேல் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த நுண்ணுயிர்களைத் தேய்த்துக் கழுவினோம். மிஞ்சியதைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது. குளோரின் நமக்குக் கிருமிநாசினி. மீனின் செவுளுக்கோ அமிலம் மாதிரி. வெப்பம், பி.எச்., உப்புச்சத்து மூன்றும் ஒரே நொடியில் மாறிய நீரில் மீனைப் போட்டோம். சுத்தம் என்று நாம் நினைத்துச் செய்வது மீனுக்கு ஒவ்வொரு முறையும் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புது ஊரில் இறக்கிவிடுவது போல.

எதிர்த் திசையிலும் ஒரு தப்பு நடக்கிறது. சிலர் மாதக்கணக்கில் தண்ணீரைத் தொடவே மாட்டார்கள். கழிவு சேரச் சேர நீர் அமிலமாகும், பி.எச். இறங்கும். அம்மோனியா அப்போது கெடுதல் குறைந்த அம்மோனியமாக நிற்கும். மீனும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பாவம் பார்த்து யாரோ இரண்டு குடம் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். பி.எச். சட்டென்று ஏறும். அதுவரை அடங்கியிருந்த அம்மோனியம் ஒரேயடியாக அம்மோனியாவாக மாறும். மறுநாள் காலையில் தொட்டி முழுக்க மிதக்கும். 'நல்ல தண்ணி ஊத்தினதும் செத்துப்போச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

தங்க மீனுக்கு இந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில் குளத்துக் கெண்டை இனத்திலிருந்து பொன்னிறக் குஞ்சுகளைத் தேர்ந்து வளர்த்ததில் உருவானது இது. அவர்கள் குளத்தில் வளர்த்தார்கள், பிறகு பெரிய பீங்கான் தொட்டிகளில். மேலிருந்து குனிந்து பார்த்து ரசிப்பதற்காக விரிந்த இரட்டை வால் மீன்களைப் பொறுக்கிப் பெருக்கினார்கள். கார்டின் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு பிழையே அந்த இரட்டை வாலுக்குக் காரணம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் பக்கவாட்டில் பார்க்கும் கண்ணாடிப் பாத்திரம் அதன் வீடானது. மீனுக்கு எது தோது என்று யாரும் யோசித்து உண்டாக்கியதல்ல. பார்க்கிறவர் கண்ணுக்காக வந்தது.

சாதாரணத் தங்க மீன் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும். பத்து, இருபது ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு சிறுவன் பொருட்காட்சி விளையாட்டில் பரிசாக வென்ற 'டிஷ்' என்ற தங்க மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. எங்களுடையது பதினோரு நாள். 'தொட்டி எவ்வளவோ மீனும் அவ்வளவுதான் வளரும்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். நெருக்கத்திலும் கெட்ட நீரிலும் மீன் வளர்ச்சி குன்றிப்போவது உண்மைதான். அதை ஏற்பாடு என்று சொல்லக்கூடாது. சோறு போடாத வீட்டுப் பிள்ளையும்தான் வளராது.

ஃபைட்டர் மீனுக்கு நடக்கும் கொடுமை இன்னும் நேரடியானது. ஞாயிற்றுக்கிழமைக் கடைகளில் வரிசையாக பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மீன். பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் துண்டு. வாங்க வருபவருக்காக அட்டையை எடுத்ததும், பக்கத்து பாட்டிலில் இருக்கும் இன்னொரு ஆணைப் பார்த்துச் செவுளை விரித்து, துடுப்பைக் கிழிகிற மாதிரி விரைத்துக்கொண்டு கண்ணாடியில் முட்டும். 'எவ்ளோ ஆக்டிவ் பாருங்க!' என்பார்கள். தப்பித்துப் போக முடியாத எதிரியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் உயிர் அது.

சின்னப் பாத்திரம் போதும் என்பதற்கு ஒரு அரை உண்மை ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஃபைட்டருக்குத் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி அதன் வழியாகவும் மூச்சுவிடும். அதனால் ஆக்சிஜன் குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். அந்த உறுப்பு அம்மோனியாவைத் தடுக்காது, இடத்தையும் தராது. தாய்லாந்தின் நெல் வயல்களும் சதுப்புகளும் அதன் சொந்த ஊர். தண்ணீர் முழங்கால் அளவு என்றாலும் பரப்பு கண்ணுக்கெட்டிய தூரம். தோற்ற ஆண் வயலின் அடுத்த மூலைக்குப் போய்விடலாம். தாய்லாந்து 2019இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. இங்கே அது அலுவலக மேசைமேல் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜாம் பாட்டிலில் இருக்கிறது.

'மீனுக்கு வலியெல்லாம் தெரியுமா?' இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தயங்குகிறார்கள். ஆய்வாளர்களும் நெடுநாள் தயங்கினார்கள். 2003இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் அவருடைய சகாக்களும் எடின்பரோவில் டிரௌட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு அந்தத் தயக்கத்தை உலுக்கியது. மீனின் முகத்திலும் உதட்டிலும், நம் தோலில் வலியை உணரும் நரம்பு முனைகளைப் போன்றவை இருப்பதை முதலில் காட்டினார்கள். பிறகு சில மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையோ நீர்த்த அமிலத்தையோ செலுத்தினார்கள். வேறு சிலவற்றுக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் செலுத்தியவை ஏறத்தாழ 80 நிமிடத்தில் சாப்பிட வந்தன. மற்றவை சாப்பிட வர ஏறத்தாழ மூன்று மணி நேரமானது. அதுவரை உடலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டும், உதட்டைத் தொட்டியின் அடிக் கல்லில் உரசிக்கொண்டும் இருந்தன. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தைகள் குறைந்தன.

மீனின் மூளையில் நமக்கிருப்பது போன்ற புறணி இல்லை, ஆகவே இது வெறும் அனிச்சைச் செயல்தான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் நிறைவு தரவில்லை. ஸ்னெடனின் பிந்தைய ஆய்வு ஒன்றில் வரிக்குதிரை மீன்களுக்கு இரண்டு அறைகள் தரப்பட்டன. செடியும் கல்லும் உள்ள அறையைத்தான் அவை வழக்கமாக விரும்பும். அமிலம் செலுத்தப்பட்ட மீன்களோ, வெறுமையான அறையின் நீரில் வலிநிவாரணி கரைத்திருந்தபோது பிடித்த அறையை விட்டுவிட்டு அங்கே போயின. வலி போக வேண்டும் என்பதற்காகப் பிடித்ததை விட்டுக்கொடுக்கிற செயலுக்கு அனிச்சை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தங்க மீனுக்கு மூன்று நொடி ஞாபகம்தான் என்ற கதையும் உண்டு. கிண்ணத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் பழசு மறந்துவிடும், ஆகவே சலிப்பே இருக்காது என்பார்கள். நேர்மாறான உண்மை என்னவென்றால், நீண்டகால நினைவு மூளையில் எப்படிப் பதிகிறது என்று கண்டறிய 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்டு அக்ரனாஃப் தேர்ந்தெடுத்த பிராணியே தங்க மீன்தான். ஒளி தெரிந்ததும் தடுப்பைத் தாண்டிப் போகக் கற்ற மீன்கள் அதை நாட்கணக்கில் நினைவில் வைத்திருந்தன. கற்ற உடனேயே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் மட்டுமே மறந்தன. 2022இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில், சக்கரம் வைத்த நீர்த்தொட்டியை மீன் நீந்தும் திசைக்கேற்ப நகரும்படி செய்து, ஆறு தங்க மீன்களுக்குத் தரையில் 'வண்டி ஓட்ட' பழக்கினார்கள். அறையின் எந்தப் பக்கத்தில் விட்டாலும் குறியைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. இதையெல்லாம் செய்யக்கூடிய மூளையை நாம் எதுவுமில்லாத ஒரு உருண்டைக்குள் போட்டு மூடிவைக்கிறோம்.

குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவது பற்றியும் சொல்லவேண்டும். தங்க மீனின் காற்றுப்பையையும் உள்காதையும் சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று இணைக்கிறது. 1820இல் வெபர் என்ற உடற்கூறியல் அறிஞர் விவரித்த அமைப்பு அது. காற்றுப்பை பறைத்தோல் போல் அதிரும், எலும்புகள் அதைக் காதுக்குக் கொண்டுபோகும். மீன்களிலேயே நன்றாகக் கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தது தங்க மீன். கூடவே உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அசைவையும் பிடிக்கும். கண்ணாடியில் விரலால் தட்டினால் அந்த அதிர்வு நேரே உடலுக்குள் இறங்குகிறது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தொட்டி வைப்பதும் இதே ரகம்தான்.

அழகுக்காகச் செய்யும் கொடுமைகள் வேறு. கண்ணுக்குக் கீழே நீர்ப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிலும் உரசினால் கிழிந்துபோகும் நிலையில் நீந்தும் தங்க மீன் வகை இருக்கிறது. முதுகெலும்பைச் சுருக்கிப் பந்தாக்கிய 'பலூன் மோலி' இருக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது, கண்ணாடி போல் உடல் தெரியும் நம் நாட்டு மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி இளஞ்சிவப்பும் பச்சையுமாக விற்பது. சாயம் சில மாதத்தில் வெளிறிவிடும், அதுவரை மீன் பிழைத்திருந்தால். இப்படிப்பட்ட மீனைக் கடையில் பார்த்தால் வாங்காமல் வாருங்கள். ஏன் வாங்கவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டும் வாருங்கள்.

வளர்த்துச் சலித்தவர்கள் செய்யும் இன்னொரு காரியம் புண்ணியக் கணக்கில் எழுதப்படுகிறது. மீனைக் கொண்டுபோய் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது. தொட்டிக் கண்ணாடியின் பாசியைத் தின்னும் என்று விரலளவில் வாங்கிய 'டேங்க் கிளீனர்' முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிடும். தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. முள்ளும் கவசமுமாக இருப்பதால் இதைத் தின்ன இங்கே ஆளில்லை. காற்றை விழுங்கி உயிர் வாழும், கரையைக் குடைந்து முட்டையிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிப்போய், உள்நாட்டு மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. விலைக்கும் போகாது. ஒரு வீட்டின் பத்து லிட்டர் பிரச்சினையை ஓர் ஊரின் ஏரிமேல் இறக்கிவைத்துவிட்டு வருகிறோம். வேண்டாமென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர் யாரிடமாவது ஒப்படையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இத்தாலியின் ரோம் நகராட்சி 2005இல் தங்க மீன் கிண்ணங்களையே தடை செய்தது. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் தங்க மீனைத் துணையில்லாமல் தனியே வளர்க்கக்கூடாது என்கின்றன. நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிருமே விலங்கு என்று வரையறுக்கிறது. மீனும் அதில் அடக்கம். நியாயமான அளவு அசைய வழியில்லாத கூண்டிலோ கொள்கலத்திலோ ஒரு விலங்கை அடைத்துவைப்பது குற்றம் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு ஃபைட்டர் மீனின் விலையைவிடக் குறைவு.

இரண்டாவது முறை நாங்கள் மீன் வாங்குவதற்கு முன் தொட்டி வாங்கினோம். நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் நீளத் தொட்டி, பஞ்சு ஃபில்டர், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து, அம்மோனியா சோதிக்கும் கிட். ஒரு தங்க மீனுக்கு எழுபது, எண்பது லிட்டர் என்று தொடங்கி, கூட வரும் ஒவ்வொன்றுக்கும் அதில் பாதியாவது சேர்க்க வேண்டும். ஃபைட்டருக்குப் பதினைந்து, இருபது லிட்டர் போதும், கூட்டாளியாக இன்னொரு ஃபைட்டர் கூடாது. மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு அழுகவிட்டோம். அதுதான் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. மகள் தினமும் மாலையில் சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, சொட்டு விட்டுக் குலுக்கி, நிறம் மாறுவதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். முதல் வாரம் மஞ்சள். பிறகு பச்சை, கரும்பச்சை. 'அப்பா, இன்னிக்கு மீன் விட்டிருந்தா செத்திருக்கும்ல?' என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். ஐந்தாவது வாரம் ஒரு மாலையில் குழாய் மறுபடி மஞ்சளுக்கு வந்தது. அடுத்த நாளும் மஞ்சள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மீன் வாங்கப் போனோம்.

இப்போது வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றுகிறோம், குளோரின் நீக்கி. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவுவதில்லை, எடுத்த பழைய தொட்டி நீரிலேயே பிழிகிறோம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் தீவனம், வாரத்தில் ஒருநாள் அதுவும் கிடையாது. தங்க மீனுக்கு இரைப்பை இல்லை, எவ்வளவு போட்டாலும் தின்றுகொண்டே இருக்கும், ஆகவே அதன் பசியை நம்பித் தீவனம் போட முடியாது. விரலளவு வந்த மீன்கள் இப்போது என் உள்ளங்கை நீளம். இன்னும் வளர்ந்தால் மொட்டை மாடியில் நிழலில் சிமென்ட் தொட்டி கட்டவேண்டியிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் வாங்கினோம்.

உங்கள் வீட்டில் இந்த நிமிடம் ஒரு கிண்ணத்தில் மீன் இருந்தால், இன்றே கால் பங்கு நீரைக் குளோரின் நீக்கிய, அதே சூட்டிலுள்ள நீரால் மாற்றுங்கள். கல்லைக் கழுவாதீர்கள். நாளைக்குத் தீவனம் வேண்டாம். இந்த வாரத்துக்குள் பெரிய தொட்டி ஒன்றும் பஞ்சு ஃபில்டரும் வாங்கிவிடுங்கள். நாலு வாரம் காத்திருக்க அந்த மீனுக்கு நேரமில்லை. அதனால், பல மாதமாக நோயில்லாத மீன் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி யார் வீட்டிலாவது இருந்தால், அவர்கள் ஃபில்டரிலிருந்து பழுப்பேறிய பஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஈரம் காயாமல், அவர்கள் தொட்டி நீரிலேயே போட்டுக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். கேட்டால் தருவார்கள். மீன் வளர்ப்பவர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடியதில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.